கேட்டுப் பெற்ற அரசர் சவுல்



இரட்டைப்படை ஆண்டுகளில், ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்து பொதுக்காலம் தொடங்கியதும், வாரநாள் திருப்பலிகளில் முதல் வாசகமாகச் சாமுவேல் நூல் வாசிக்கப்படுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்திலோ, வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயத்திலோ, வேலைக்குச் செல்லும் முன்னர் காலைத் திருப்பலியில் பங்குபற்றுபவராயின், அன்னாவின் கண்ணீரில் தொடங்கும் அந்த வரலாறு இரண்டே வாரங்களுக்குள் ஓர் அரசரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கடந்துவிடுவதை அறிவீர்கள். அந்த அரசர்தாம் சவுல். இஸ்ரயேல் மக்களின் முதல் அரசர். அவரது பெயருக்கு எபிரேய மொழியில் கேட்டுப் பெறப்பட்டவர் என்பது பொருள்.

நம் குடும்பங்களில் தாவீது, சாமுவேல், யோனத்தான் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுகிறோம். டேவிட் என்றொருவர் இல்லாத ஒழுங்கை கொட்டாஞ்சேனையில் இருக்குமோ என்பதே ஐயம். ஆனால் சவுல் என்று பெயரிட்ட வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. திருத்தூதர் பவுலுக்கு அப்பெயர் இருந்தது. அவரும் அதே பென்யமின் குலத்தவர். அவர்கூட இன்று நமக்குப் பவுல் என்றே அறிமுகமாகிறார். தாவீதின் மீது ஈட்டி எறிந்த பொறாமைக்காரர் என்ற ஒரே காட்சியில் முதல் அரசரை நாம் அடைத்துவிட்டோம். திருவழிபாட்டு வாசகங்களும் இதற்கு ஒருவகையில் காரணமாகலாம். மூன்றாம் ஆண்டு பொதுக்காலத்தின் ஏழாம் ஞாயிறன்று அவர் வருகிறார். ஆயினும் பாளையத்தில் உறங்கிக் கிடக்கும் மனிதராகவே வருகிறார். அவர் செய்த மிகச் சிறந்த செயலும், அவர் கடந்த மிக இருண்ட இரவும் வாரநாள் வாசக வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆகவே இவ்வாரம் அந்த விடுபட்ட பக்கங்களையும் சேர்த்து அவரது வாழ்வை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கி.மு. 11ஆம் நூற்றாண்டு. இஸ்ரயேலருக்கு அரசர் இல்லை, தலைநகர் இல்லை, நிலையான படையும் இல்லை. குலங்கள் தத்தம் நிலத்தில் வாழ்ந்தன. ஆபத்து நேர்ந்தபோது தெபோரா, கிதியோன், இப்தா, சிம்சோன் போன்ற நீதித்தலைவர்கள் எழுந்தார்கள். ஆபத்து நீங்கியதும் அவர்களது தலைமையும் பெரும்பாலும் அவர்களோடு முடிந்தது. ஆண்டவரே அரசர் என்ற நம்பிக்கை அவ்வாழ்வின் அடித்தளமாக விளங்கியது. கிதியோனை அரசராக்க மக்கள் முற்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். அவருடைய மகன் அபிமெலக்கோ தன் சகோதரர் 70 பேரை ஒரே கல்லின்மேல் வைத்துக் கொன்று செக்கேமில் 3 ஆண்டுகள் அரசாண்டான். முடியாட்சி பற்றி அம்மக்களுக்கு இருந்த முதல் அனுபவம் இதுதான். அதன் பின்னரும் அவர்கள் ஓர் அரசரைக் கேட்டார்கள் என்றால் அதற்கு வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. கடற்கரையோரம் காசா, அஸ்கலோன், அஸ்தோது, எக்ரோன், காத்து ஆகிய ஐந்து நகர்களில் பெலிஸ்தியர் குடியேறியிருந்தனர். எகிப்திய மன்னன் மூன்றாம் இராம்சேசின் ஆலயச் சுவர்களில் இவர்களது போர்க்கோலம் இன்றும் செதுக்குருவமாக நிற்கிறது. கொல்லுத் தொழில் இவர்களின் பிடியில் இருந்தது. இஸ்ரயேல் விவசாயி தன் கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்கும் பெலிஸ்தியரிடமே போக வேண்டும். அதற்குப் பிம் என்னும் எடை வெள்ளியைக் கூலியாகக் கொடுக்க வேண்டும். அச்சொல்லின் பொருள் நெடுங்காலம் அறிஞர்களுக்குப் புதிராக இருந்தது. பின்னர் நடந்த அகழாய்வுகளில் அதே சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கொழுவைத் தீட்ட அவ்வளவு வெள்ளி! எதிரியிடம் கூலி கொடுத்து உழும் மக்கள் எதிரியோடு போரிடுவது எப்படி? அபேக்கில் நடந்த போரில் அவர்கள் தோற்றார்கள். உடன்படிக்கைப் பேழையே பறிபோனது.

இந்நிலையில்தான் இஸ்ரயேலின் மூப்பர்கள் இராமாவுக்குச் சென்று முதியவரான சாமுவேலைச் சந்தித்தனர். இன்னொரு காரணமும் அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை. பெயேர்செபாவில் நீதி வழங்க அமர்த்தப்பட்ட சாமுவேலின் புதல்வர்கள் கையூட்டு வாங்கினார்கள். குரு ஏலியின் புதல்வர்கள் செய்த தீமைக்காக அவரது வீட்டின்மேல் வரவிருந்த தண்டனையைச் சிறுவனாக இருந்தபோது அறிவித்தவர் இதே சாமுவேல். அவரது வீட்டிலேயே அதே கதை. புனிதரின் பிள்ளை புனிதராகவே இருப்பான் என்று யாரும் உறுதி கூற முடியாது. மறையாசிரியர் வீடுகளிலும் உபதேசியார் வீடுகளிலும் இந்தத் துயரத்தை நாம் கண்டிருக்கிறோம்.

சாமுவேல் மனம் வருந்தினார். புறக்கணிக்கப்பட்டது அவரல்லர், தாமே என்று ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். ஆயினும் மக்களின் வேண்டுகோளை ஆண்டவர் மறுக்கவில்லை; எச்சரித்த பின்னர் ஏற்றுக்கொள்ளும்படி பணித்தார். அந்த எச்சரிக்கையை நீங்கள் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அதில் இறையியல் சொற்கள் மிகக் குறைவு. மகன்மார் தேருக்கும் குதிரைக்கும் முன்னால் ஓடவேண்டி வரும். மகள்மார் அரண்மனைச் சமையலறைக்குப் போகவேண்டி வரும். நல்ல வயலும் திராட்சைத் தோட்டமும் அரசனின் அலுவலருக்குப் போகும். விளைச்சலில் பத்திலொன்று வரியாகும். கழுதையும் வேலையாளும்கூட மிஞ்சமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து, இது போகும், இதுவும் போகும் என்று ஒவ்வொன்றாகக் கோடு கிழிப்பது போன்ற பேச்சு அது.

கொழும்பில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. கோட்டே இராச்சியத்தின் மன்னன் தர்மபாலன் 1557இல் திருமுழுக்குப் பெற்று தொன் யுவான் என்ற பெயரை ஏற்றவன். 1580இல் அவன் ஒரு கொடைப் பத்திரத்தின் மூலம் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிவைத்தான். 1597இல் அவன் இதே கொழும்பில் இறந்தபோது, காணி ஒன்று கைமாறுவதுபோல் மக்களோடு சேர்த்து நாடு கைமாறியது. நாடு அரசனின் சொத்து என்றால் அதை அவன் எழுதியும் கொடுக்கலாம். இஸ்ரயேலில் அது அப்படி இருக்கலாகாது என்பதற்காகவே இணைச்சட்ட நூலின் 17ஆம் அதிகாரம் அரசனுக்கு வரம்பு கட்டுகிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவியரைப் பெருக்காதே, பொன் வெள்ளியைப் பெருக்காதே, திருச்சட்டத்தின் படியொன்றை எழுதிவைத்து நாள்தோறும் வாசி என்ற கருத்தில். சாலமோன் இவற்றுள் எத்தனையைக் காத்தார் என்பது வேறு கதை.

இனி சவுலிடம் வருவோம். பென்யமின் குலத்தவரான கீசு என்பவரின் கழுதைகள் காணாமற் போயின. தேடிவரும்படி தம் மகனை ஒரு வேலையாளுடன் அனுப்பினார். மகன் வாட்டசாட்டமானவர், எவரும் அவரது தோளுயரமே இருந்தனர். இருவரும் மலைநாடெங்கும் அலைந்தார்கள்; கழுதைகள் கிடைக்கவில்லை. அப்பா இப்போது கழுதைகளை விட்டு நம்மை எண்ணிக் கவலைப்படுவார், திரும்பிவிடுவோம் என்று சவுல் கூறுகிறார். விவிலியத்தில் அவர் பேசும் முதல் பேச்சு இதுவே. தகப்பனின் கவலையை நினைக்கும் ஒரு மகனாகத்தான் அவர் நமக்கு அறிமுகமாகிறார் என்பதை மறந்துவிடலாகாது.

அருகிலுள்ள நகரில் ஓர் இறையடியார் இருக்கிறார், அவரிடம் கேட்போம் என்றான் வேலையாள். கையில் கொடுக்க ஒன்றுமில்லையே என்று சவுல் தயங்க, கால் செக்கேல் வெள்ளி தன்னிடம் இருப்பதாக வேலையாள் சொன்னான். இந்த நாட்டின் முதல் அரசர் தம் வேலையாளின் கைக்காசில்தான் இறைவாக்கினரைக் காணப் போனார். அங்கே சாமுவேல் அவருக்காகக் காத்திருந்தார். விருந்தில் ஏறக்குறைய 30 பேர் நடுவே அவரைத் தலைமை இடத்தில் அமர்த்தி, ஒதுக்கிவைத்த தொடைக் கறியைப் பரிமாறச் செய்தார். மறுநாள் விடியற்காலையில், வேலையாளை முன்னே போகவிட்டு, எவரும் காணாத வேளையில், அவரது தலையில் எண்ணெய் வார்த்துத் திருப்பொழிவு செய்தார். வீடு திரும்பியதும் சிற்றப்பன் கேட்ட கேள்விக்குக் கழுதைகள் அகப்பட்ட செய்தியை மட்டும் சொன்னார் சவுல். அரசுரிமையைப் பற்றி மூச்சும் விடவில்லை. பின்னர் மிஸ்பாவில் மக்கள் கூடிச் சீட்டுப் போட்டு, அது அவர்மேல் விழுந்தபோது, ஆளைக் காணவில்லை. பொருள் மூட்டைகளுக்கிடையில் ஒளிந்துகொண்டிருந்தார்!

இதைப் பணிவு என்பதா, அச்சம் என்பதா? விளக்கவுரையாளர் இருவிதமாகவும் கூறுவர். எனக்கு இரண்டும் கலந்திருந்தன என்றே தோன்றுகிறது. இவரா நம்மை மீட்கப் போகிறார் என்று சிலர் இகழ்ந்தபோது அவர் கேளாதவர்போல் இருந்தார். அதன்பின் அவர் அரண்மனை கட்டப் போகவில்லை. கிபயாவிலுள்ள தம் வீட்டுக்குப் போய் மீண்டும் ஏரில் மாடு பூட்டினார்.

அங்கேதான் யாபேசு கிலயாதின் தூதுவர் வந்தனர். யோர்தானுக்குக் கிழக்கேயுள்ள அவ்வூரை அம்மோனிய மன்னன் நாகாசு முற்றுகையிட்டிருந்தான். ஊரவர் பணிந்துபோக ஆயத்தமாயிருந்தும், ஒவ்வொருவரின் வலது கண்ணையும் பிடுங்குவதே தன் நிபந்தனை என்றான். 7 நாள் தவணை கேட்டு அனுப்பப்பட்ட தூதுவர் கிபயாவில் செய்தி சொன்னதும் மக்கள் ஓவென்று அழுதார்கள். வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருந்த சவுல், ஏன் அழுகிறார்கள் என்று கேட்டார். கேட்டதும் இறைவனின் ஆவி அவர்மேல் வலிமையுடன் இறங்கியது. தாம் உழுத அதே மாடுகளை வெட்டித் துண்டுதுண்டாக நாடெங்கும் அனுப்பினார். வராதவனின் மாடுகளுக்கும் இதே கதி என்பது செய்தி. ஒரே ஆளெனத் திரண்ட மக்களை மூன்று பிரிவாக்கி, விடியற்சாமத்தில் பாய்ந்து, வெயில் ஏறுமுன் அம்மோனியரைச் சிதறடித்தார்.

அவ்வூருக்காக அவர் அவ்வளவு கொதித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நீதித்தலைவர்கள் நூலின் இறுதியைப் படித்தால், உள்நாட்டுப் போரில் அழியும் நிலைக்கு வந்த பென்யமின் குலத்தில் எஞ்சிய ஆண்களுக்கு யாபேசு கிலயாதின் 400 பெண்கள் மனைவியராக்கப்பட்டது தெரியவரும். அது கொடுமையான கதை. ஆனால் அதன் விளைவாகப் பென்யமின் வீடுகள் பலவற்றுக்கு யாபேசு தாய்வழி ஊராகிவிட்டது. சவுலின் பாட்டியோ பூட்டியோ அவ்வூரவளாக இருந்திருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. விவிலியம் அதைச் சொல்லவில்லை.

வெற்றிக்குப் பின் மக்கள், முன்பு சவுலை இகழ்ந்தவர்களை இழுத்து வாருங்கள், கொல்வோம் என்றார்கள். சவுல் தடுத்தார். இன்று ஆண்டவர் மீட்பளித்திருக்கிறார், ஆகவே எவரும் சாகக்கூடாது என்பது அவரது தீர்ப்பு. வெற்றி பெற்ற நாளில் உள்வீட்டு எதிரிகளை மன்னித்த ஆட்சியாளர்களை வரலாற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் நாட்டின் வரலாற்றிலோ விரல்கள் மிஞ்சும். வாரநாள் வாசகங்களில் விடுபட்டுப்போகும் சிறந்த செயல் என்று நான் குறிப்பிட்டது இதைத்தான். அதன் பின்னரே கில்காலில் அவர் முறைப்படி அரசராக ஏற்கப்பட்டார்.

அவர் எத்தனை ஆண்டு ஆண்டார் என்று கூறும் சாமுவேல் நூலின் வசனம் பழைய எபிரேயப் படிகளில் சிதைந்துள்ளது. பிசிதியாவின் அந்தியோக்கியாவில் உரையாற்றிய பவுல் 40 ஆண்டுகள் என்கிறார். அவ்வாண்டுகளில் பெரும்பகுதி போரிலேயே கழிந்தது. விவிலியத்துக்கு வெளியே சவுலின் பெயரைக் கூறும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. 1993இல் தாண் என்னுமிடத்தில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தாவீதின் வீடு என்ற தொடர் உண்டு. யெருசலேமுக்கு வடக்கேயுள்ள தெல் எல்-பூல் குன்றே கிபயா என்று பல ஆய்வாளர் கருதுகின்றனர். 1960களில் யோர்தான் மன்னர் உசைன் அக்குன்றின்மேல் ஓர் அரண்மனை கட்டத் தொடங்கினார். 1967ஆம் ஆண்டுப் போரினால் அது பாதியில் நின்றது. ஓர் அரசரின் பழைய குன்றில் இன்னோர் அரசரின் முடியாத வீடு.

வீழ்ச்சி கில்காலில் தொடங்கியது. பெலிஸ்தியர் பெரும்படையுடன் மிக்மாசில் இறங்கியிருந்தனர். இஸ்ரயேலரில் சவுலையும் யோனத்தானையும் தவிர எவரிடமும் வாளோ ஈட்டியோ இல்லை. தாம் வரும்வரை 7 நாள் காத்திருக்கும்படி சாமுவேல் சொல்லியிருந்தார். சவுல் காத்திருந்தார். சாமுவேல் வரவில்லை, படையினர் குகைகளிலும் குழிகளிலும் ஒளிந்தும், ஆற்றைக் கடந்து ஓடியும், இறுதியில் ஏறக்குறைய 600 பேரே எஞ்சினர். ஏழாம் நாளில் அவர் தாமே எரிபலியைச் செலுத்தினார். செலுத்தி முடித்த அந்தக் கணமே சாமுவேல் வந்து சேர்ந்தார். அவரது அரசு நிலைக்காது என்ற தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது.

உண்மையைச் சொன்னால், இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் சவுல் பக்கமே சாய்கிறது. ஆனால் நூல் காட்டும் வேறுபாட்டையும் நாம் பார்க்க வேண்டும். சுற்றிலுமிருந்த நாடுகளில் அரசனே தெய்வங்களின் தலைமைக் குரு. இஸ்ரயேலில் அரசனுக்கு மேலே ஒரு குரல் இருக்க வேண்டும். அதற்கு அவன் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால் மற்ற நாடுகளின் அரசருக்கும் சவுலுக்கும் வேறுபாடு இல்லாமற் போய்விடும்.

அமலேக்கியர் போரோ நமக்கு மேலும் கடினமானது. ஒரு மக்களை முற்றாக அழிக்கும்படி கட்டளை; சவுல் மன்னன் ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டார்; அதற்காகத் தள்ளப்பட்டார். இவ்வாசகத்தைக் கேட்கும் தாய்மார், கடவுள் இப்படியும் சொல்வாரா என்று கேட்பது நியாயமே. 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் வெளியிட்ட வெர்பும் தோமினி என்னும் ஊக்கவுரை இத்தகைய இருண்ட பகுதிகளைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அக்காலத்தின் வரலாற்றுச் சூழலையும், கிறிஸ்துவில் நிறைவடையும் வெளிப்பாட்டையும் முன்வைத்து வாசிக்கச் சொல்கிறது. நூலாசிரியர் அங்கே சவுலிடம் காணும் குற்றம் இரக்கமன்று. எளியோரைக் கொன்று, விலைமதிப்புள்ளதை வைத்துக்கொண்டு, கர்மேலில் தமக்கொரு நினைவுச்சின்னம் எழுப்பி, பின்னர் பலி செலுத்தவே ஆடுகளை வைத்திருந்தோம், மக்களுக்கு அஞ்சியே அப்படிச் செய்தேன் என்று அவர் கூறியதுதான் குற்றம். தவறை ஏற்றுக்கொண்ட பின்னரும், மூப்பர்கள் முன்னிலையில் என்னைக் கனப்படுத்தும் என்றே சாமுவேலிடம் வேண்டினார். மூட்டைகளுக்குள் ஒளிந்த இளைஞர் எங்கே போனார்? சாமுவேல் அன்று பிரிந்து சென்றார், சவுலுக்காக அழுதுகொண்டேயிருந்தார், சாகும்வரை அவரைப் பார்க்கவில்லை.

தாவீதின் கதை உங்களுக்குத் தெரியும். யாழ் மீட்டி அரசரின் மனத்துயரை ஆற்ற வந்த இளைஞன், கோலியாத்து, பெண்களின் பாடலில் சவுலுக்கு ஆயிரம், தாவீதுக்குப் பதினாயிரம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு சவுலின் உள்ளத்தில் முள்ளாய்த் தங்கியது. ஈட்டி இருமுறை தாவீதை நோக்கி, ஒருமுறை சொந்த மகன் யோனத்தானையே நோக்கிப் பறந்தது. மகள் மீக்கால் கணவனைச் சன்னல் வழியாகத் தப்புவித்தாள். வீட்டார் எல்லாரும் தமக்கெதிராகச் சதி செய்வதாக அவருக்குத் தோன்றியது. அந்த நோயை இன்று மருத்துவர் வேறு பெயரால் அழைக்கக்கூடும். அத்தகைய ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, பகலில் அழுது அணைப்பதும் இரவில் ஈட்டி எடுப்பதுமான அந்த மாற்றம் புதிதன்று.

ஆனால் நோபில் நடந்ததை நோய் என்று கூறித் தள்ளிவிட முடியாது. பசியோடு வந்த தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் வாளும் கொடுத்த குற்றத்திற்காக, குரு அகிமெலக்கையும் அவருடன் குருக்களையும் கொல்ல ஆணையிட்டார் சவுல். காவலர்கள் கை நீட்ட மறுத்துவிட்டார்கள். அரசனின் நேரடி ஆணையைப் படைவீரர் மறுத்த இந்நிகழ்ச்சியை நூல் ஒரே வரியில் கடந்துபோகிறது. நாம் சற்று நின்று பார்க்கலாம். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லப்படவில்லை. ஆணையை நிறைவேற்ற ஏதோமியன் தோயேகு என்ற ஒருவன் கிடைத்தான். குருக்கள் 85 பேரும், அவ்வூரின் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். யாபேசில் எவரும் சாகக்கூடாது என்றவர் இவரே.

இறுதி இரவு ஏன்தோரில். கில்போவா மலையில் அவர் படை; எதிரே பெலிஸ்தியர். அவர் இறைவனிடம் கேட்டார். கனவிலும் விடையில்லை, இறைவாக்கினர் வழியாகவும் விடையில்லை. குறி சொல்வோரையும் ஆவிகளை அழைப்போரையும் நாட்டிலிருந்து துரத்தியவர் அவரே. இப்போது மாறுவேடம் பூண்டு, இருட்டில், அத்தகைய ஒரு பெண்ணின் கதவைத் தட்டினார். திருச்சபை இத்தகைய செயலைக் கண்டிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையின் கலியாணம் தடைப்படும்போதோ வெளிநாட்டுப் பயணம் சரிவராதபோதோ, ஞாயிறு திருப்பலியும் வெள்ளி சாத்திரமுமாக நடக்கும் நம்மவர் சிலரும் அறிவார்கள். தோன்றிய சாமுவேல் கூறியது, நாளை நீயும் உன் புதல்வரும் என்னோடிருப்பீர்கள் என்ற செய்தியே.

சவுல் நெடுஞ்சாண்கிடையாய்த் தரையில் விழுந்தார். பகலும் இரவும் அவர் ஒன்றும் உண்டிருக்கவில்லை. அப்போது அந்தப் பெண் அருகில் வந்தாள். நான் உம் பேச்சைக் கேட்டேன், இப்போது நீர் என் பேச்சைக் கேளும், சிறிது சாப்பிடும் என்ற கருத்தில் கெஞ்சினாள். அவர் மறுத்தார், பணியாளரும் வற்புறுத்தவே எழுந்து கட்டிலில் அமர்ந்தார். வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, புளியாத அப்பம் சுட்டு, அவருக்கும் பணியாளருக்கும் பரிமாறினாள். அவள் செய்த தொழிலை நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் தன்னைத் துரத்திய அரசருக்குத் தன்னிடமிருந்த ஒரே கன்றை அவள் சமைத்துக் கொடுத்தாள். அவர்கள் உண்டு, அதே இரவில் புறப்பட்டுப் போனார்கள். சாவேன் என்று தெரிந்தும் சவுல் வேறு திசையில் ஓடவில்லை, கில்போவாவுக்கே திரும்பினார்.

மறுநாள் யோனத்தானும் இரு சகோதரரும் வீழ்ந்தனர். அம்பு பட்டுப் படுகாயமுற்ற சவுல், எதிரி தம்மை இழிவுபடுத்துமுன் கொன்றுவிடும்படி படைக்கலன் சுமப்பவனைக் கேட்டார். அவன் அஞ்சி மறுத்தான். தம் வாளின்மேல் தாமே வீழ்ந்தார். பெலிஸ்தியர் அவரது தலையை வெட்டி, உடலைப் பெத்சான் நகர மதிலில் தொங்கவிட்டனர்.

செய்தி யோர்தானைக் கடந்து யாபேசு கிலயாதை எட்டியது. கண் பிழைத்த ஊர். அங்குள்ள வீரர் எல்லாரும் எழுந்து, இரவு முழுவதும் நடந்து, எதிரியின் நகர மதிலிலிருந்து சவுலின் உடலையும் புதல்வரின் உடல்களையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவற்றை எரித்து, எலும்புகளை எடுத்து ஊரின் மரத்தடியில் அடக்கம் செய்து, 7 நாள் நோன்பிருந்தார்கள். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் செய்த ஓர் உதவியை அவ்வூர் மறக்கவில்லை. தாவீதும் மகிழவில்லை. தம்மை வேட்டையாடியவருக்காக ஆடையைக் கிழித்து, புலம்பல் பாடி, அதில் ஒரு குறையையும் சொல்லாமல் விட்டார். யாபேசு மக்களுக்கு நன்றி கூறித் தூதனுப்பினார்.

கதை இத்துடன் முடியவில்லை. சவுலுக்கு இரிஸ்பா என்றொரு மறுமனைவி இருந்தாள். தாவீதின் ஆட்சியில் 3 ஆண்டுப் பஞ்சம் வந்தது. சவுல் கிபயோனியரைக் கொன்ற பழியே அதற்குக் காரணம் என்று அறியப்பட்டது. அவர்கள் பணம் கேட்கவில்லை. சவுலின் வழிமரபில் 7 பேரைக் கேட்டார்கள். இரிஸ்பாவின் இரு மகன்மாரும், சவுலின் மகள் வயிற்றுப் பேரர் ஐவரும் ஒப்படைக்கப்பட்டு, வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாள்களில் மலையில் ஒருசேரக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் அங்கேயே விடப்பட்டன.

இரிஸ்பா சாக்குத்துணி ஒன்றை எடுத்துச் சென்று பாறையின்மேல் விரித்தாள். பகலில் பறவைகளும் இரவில் காட்டு விலங்குகளும் அவ்வுடல்களை அணுகாதபடி காத்தாள். அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை காத்தாள் என்கிறது 2 சாமுவேல் 21ஆம் அதிகாரம். அது வழக்கமான இலையுதிர்கால மழையாயின் ஏறத்தாழ ஆறு மாதங்கள். அவள் எவரிடமும் முறையிட்டதாக எழுதப்படவில்லை. அவள் பேசிய ஒரு சொல்லும் விவிலியத்தில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் அமர்ந்த தாய்மாரைக் கண்ட நமக்கு, அந்தப் பாறையை வேறெங்கோ தேடவேண்டியதில்லை.

அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டியது. அப்போதுதான் அவர் எழுந்தார். யாபேசு கிலயாதுக்குச் சென்று, சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் பெற்றுக்கொண்டார். மலையில் கொல்லப்பட்ட எழுவரின் எலும்புகளையும் சேகரிக்கச் செய்தார். பென்யமின் நாட்டிலுள்ள செலாவில், சவுலின் தந்தை கீசின் கல்லறையில் சவுலும் யோனத்தானும் அடக்கம் செய்யப்பட்டார்கள். இரிஸ்பாவைப் பற்றி அதன் பின்னர் விவிலியம் எதுவும் கூறவில்லை.